குரல் அடங்கியது, தாளம் சேரவில்லை: மனச்சிதைவு உள்ள ஒரு நெசவாளரின் நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவரும் அவருடைய அப்பா அம்மாவும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர், தெரு, மையம் எதையும் போடவில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் மனநல மறுவாழ்வுக்கான ஒரு பகல் நேர மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி கொடுப்பவன். மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா, என்றாலே இல்லாத குரல் கேட்பது, சந்தேகப்படுவது என்றுதான் பேச்சு போகும். குரல் அடங்கி வருஷக்கணக்கான பிறகும் ஒருவர் ஏன் தனியாகவே உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்விக்கு அவர் மனதில் மட்டும் பதில் தேடினால் போதாது, கை கால் அசைவிலும் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இவரால்தான்.

பின்னணி

கோர்வைச் சேலை நெசவு தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடந்தது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டுக்கும் தனித்தனி ஊடை, அதாவது குறுக்கு நூல். அவை சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று வேண்டும், தறியில் ஒரு ஆள் போதாது. நெய்பவர் ஒருவர், கரை நாடாவைப் போட்டு வாங்க ஓரத்தில் இன்னொருவர். நெய்பவர் மிதியை மிதிப்பதும் ஓரத்து ஆள் கையை நீட்டுவதும் ஒவ்வொரு இழைக்கும் ஒட்டிப்போனால்தான் வேலை நகரும். 'இப்போ போடு, இப்போ போடு' என்று சொல்லிச் சொல்லிச் செய்கிற வேலை இல்லை.

பிளஸ் டூ முடித்ததிலிருந்து இவர் அப்பாவுக்கு ஓரத்து ஆள். இருபத்திரண்டு வயதில் நோய் வந்தது. தறிக்குழிக்குள்ளிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொன்னார், எதிர்வீட்டுக்காரர்கள் பாவில், அதாவது தறியின் நீள நூல்களில், ஏதோ வைத்துவிட்டார்கள் என்றார், ராத்திரி தூங்கவில்லை. கோயில் குளம் எல்லாம் சுற்றிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். மாத்திரை ஆரம்பித்தார்கள், மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்பதால் அப்புறம் ஃப்ளூஃபெனசின் ஊசிக்கு மாற்றினார்கள். குரல் மெல்ல அடங்கியது. எங்களிடம் வந்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது.

குரல் போன பிறகு அப்பா அவரைத் திரும்பத் தறியில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறார். கை ஒரு நொடி பிந்தி வந்தது. அதற்குள் அப்பா மிதியை மிதித்துவிடுவார், நாடா சிக்கும், இழை அறும். பட்டு இழை அறுந்தால் எடுத்து முடிய நேரம் ஆகும், அதற்குள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். கொஞ்ச நாளில் அந்த இடத்துக்குச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். இவர் திண்ணைக்குப் போய்விட்டார்.

"ஊசி ஒரு தடவைகூடத் தப்பலை சார். ஆனா புள்ள கல்லு மாதிரி உக்காந்திருக்கான்" என்றார் அம்மா. தை மாதத்தில் மகனை எங்கள் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான்.

முதல் வாரங்களில் கவனித்தது

நடக்கும்போது கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டியே இருந்தன, வீசவில்லை. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் முழு உடம்போடு திரும்புவார். முகத்தில் அசைவு குறைவு. மருந்தின் பக்கவிளைவைப் பார்த்துப் பழகிய எவருக்கும் இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

கண்ணில் உடனே படாத ஒன்றும் இருந்தது. அவரிடம் பேசுகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்பது. நாம் ஒருவரிடம் பேசும்போது அவர் 'ம்' கொட்டுவார், தலையாட்டுவார், நாம் முன்னால் சாய்ந்தால் அவரும் கொஞ்சம் சாய்வார். இவரிடம் அது வராது, வந்தாலும் நாம் அடுத்த வாக்கியத்துக்குப் போன பிறகு வரும். எதிரில் இருப்பவர் அந்த இடைவெளியை இன்னும் பேசி நிரப்பப் பார்ப்பார், கை அதிகமாக ஆடும், குரல் ஏறும், பிறகு ஒரு சாக்குச் சொல்லி எழுந்துவிடுவார். எங்கள் தன்னார்வலர் ஒருவர் சொன்னார்: "நான் சொல்றது அவருக்குப் பிடிக்கலையோன்னு தோணுது, அதான் தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்." பிடித்திருந்ததா என்று அன்று சாயங்காலம் இவரிடமே கேட்டேன். பிடித்திருந்தது என்றார். தன்னார்வலர் சொன்ன கதையை முழுசாகத் திருப்பியும் சொன்னார்.

2013-ல் லண்டனில் மேரி லாவெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இதே காட்சி இருக்கிறது. மூன்று மூன்று பேராக உட்காரவைத்துப் பேசச் சொன்னார்கள். மூவரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா, ஆனால் மற்ற இருவருக்கும் அது தெரியாது. அசைவுகளைக் கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். நோயுள்ளவர் கேட்கும்போது தலையாட்டுவது குறைவாக இருந்தது, அதோடு கூட இருந்தவர்களின் அசைவும் மாறிப்போயிருந்தது. அதாவது இது ஒருவருக்குள் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை.

எங்கள் மையத்தில் வாரம் ஒரு நாள் கோலாட்டம் உண்டு. அதில் அவர் தடுமாறினார். தன் இரண்டு குச்சியையும் தட்டிவிட்டு எதிராளியின் குச்சிக்கு வரும்போது எதிராளி அடுத்த அடிக்குப் போயிருப்பார். இரண்டு மூன்று சுற்று பார்த்துவிட்டு ஜோடியில் இருந்தவர் வேறு ஆளைத் தேடிக்கொண்டார். இவர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

இதுவரைக்கும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது தெருமுனை டீக்கடைக்குப் போகும் வழியில் தெரிந்தது. மையத்துக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் உண்டு, அவருக்கும் இதே நோய், பல வருஷமாக நிலையாக இருக்கிறார். இருவரும் முன்னால் நடந்தார்கள், நான் பின்னால். கண்டக்டருக்கு முழங்கால் வலி, எட்டு சின்னதாக வைப்பார். பாதித் தெருவில் பார்க்கிறேன், இவருடைய காலும் அதே எட்டுக்கு வந்துவிட்டது. வலது காலுக்கு வலது கால். கண்டக்டர் பூக்காரம்மாவிடம் ஏதோ கேட்க நின்றால் இவரும் நிற்கிறார், கிளம்பினால் அதே காலை எடுத்துவைத்துக் கிளம்புகிறார். தற்செயலோ என்று வேறு நாட்களிலும் கவனித்தேன், அப்படியேதான் இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே, "ரெண்டு பேரும் ஒண்ணா கால் வச்சு நடங்க பார்ப்போம்" என்றேன். அவ்வளவுதான், இவர் கண்டக்டரின் காலைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார், எட்டு கலைந்துவிட்டது.

நான் செய்த சோதனைகள் சாதாரணமானவை. கையை முதலில் முஷ்டியாக, பிறகு விளிம்பாக, பிறகு உள்ளங்கை பட மேசையில் வைக்கச் சொல்லி வரிசை மாறாமல் செய்யச் சொன்னேன். ஓரிரு சுற்றிலேயே வரிசை குழம்பியது. கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடுவது மெதுவாக இருந்தது. முழங்கையை மடக்கி நீட்டினால் விட்டு விட்டு இறுகியது.

முதல் முடிவு: மருந்தைப் பார்ப்பது

அசைவுப் பயிற்சிக்குப் போகும் முன் இறுக்கத்தில் எவ்வளவு மருந்தால் வந்தது என்று தெரிய வேண்டும். இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் எல்லாம் மருந்தால்தான் என்று ஊசியை நிறுத்திவிடுகிறார்கள், சிலர் எல்லாம் நோய்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நம் ஊரிலிருந்தே நல்ல ஆதாரம் உண்டு. ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் மெக்ரீடியும் சென்னையில் மனச்சிதைவு ஆராய்ச்சி செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் டாக்டர் தாராவும் மற்றவர்களும் சேர்ந்து சென்னையில் செய்த ஆய்வு, 1996-ல் வந்தது. வயதானவர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் மருந்தே வாங்காத நோயாளிகளை இங்கே காண முடிந்தது, அதனால்தான் இங்கே செய்தார்கள். கட்டுப்பாட்டில் இல்லாமல் தானாக வரும் அசைவுகள் நோயில்லாதவர்களில் 15 சதவீதத்தினருக்கு இருந்தன, மருந்தே வாங்காத நோயாளிகளில் 38, மருந்து வாங்கியவர்களில் 41. பார்கின்சன் நோயில் வருவது போன்ற இறுக்கமும் மந்தமும் முறையே 6, 24, 36. ஆக நோய்க்கே ஒரு பங்கு, அதன் மேல் மருந்துக்கு ஒரு பங்கு. மருந்தின் பங்கைக் குறைக்க முடியும் என்பதால் அதிலிருந்து தொடங்கினோம்.

மனநல மருத்துவர் பார்த்துவிட்டு ஊசியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து ஓலன்சபின் மாத்திரைக்குக் கொண்டுபோகலாம் என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஊசியாலதான் சார் இவ்ளோ நாள் வீடு வீடா இருக்கு" என்றார். அந்தப் பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது, குரல் கேட்ட அந்த வருஷங்களில் ராத்திரியெல்லாம் முழித்துக்கொண்டு இருந்தவர் அவர். அதனால் சில ஏற்பாடுகள் செய்தோம். மாத்திரையை அம்மா கையால் கொடுப்பது, தூக்கம் குறைந்தாலோ எதிர்வீட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தாலோ காலண்டரில் குறித்துவிட்டு அன்றே எங்களைக் கூப்பிடுவது, வாராவாரம் மருத்துவரைப் பார்ப்பது. சித்திரையில் தொடங்கினோம்.

ஆடிக்குள் முழங்கை இறுக்கம் நன்றாகத் தளர்ந்தது, நடையில் கை வீச ஆரம்பித்தது. எடை ஏறியது, அது இந்த மாத்திரையில் எதிர்பார்க்க வேண்டியதுதான், சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதித்துக்கொண்டே இருக்கிறோம். குரல் திரும்பவில்லை. ஆனால் கோலாட்டத்தில் அதே பிந்தல். தலையாட்டலும் அதே மாதிரி பிந்தித்தான் வந்தது.

மிச்சம் இருந்தது என்ன

அசைவில் உள்ள இந்த வித்தியாசம் நோய் வெளியே தெரிவதற்கு ரொம்ப முன்பே இருக்கக்கூடும். அமெரிக்காவில் எலைன் வாக்கர் என்ற உளவியலாளர், பின்னாளில் ஸ்கிசோஃப்ரினியா வந்தவர்களின் குழந்தைப் பருவத்தில் வீட்டார் எடுத்த படச்சுருள்களைத் தேடிப் போட்டுப் பார்த்தார். அந்தக் குழந்தைகளின் அசைவில் உடன்பிறந்தவர்களிடம் இல்லாத கோளாறுகள் தெரிந்ததாக 1994-ல் எழுதினார்.

நான் டீக்கடைத் தெருவில் பார்த்ததற்குப் பொருத்தமான விளக்கம் பிரான்சின் மோன்பெலியே நகரத்து ஆய்வாளர்களிடம் கிடைத்தது. 2012-ல் வார்லே குழுவினர் இரண்டு இரண்டு பேராகப் பக்கத்தில் உட்காரவைத்து, கையில் ஊசல் கொடுத்து ஆட்டச் சொன்னார்கள். 'இருவரும் சேர்ந்து ஆட்டுங்கள்' என்று சொன்னபோது நோயுள்ளவர் இருக்கும் ஜோடிகளின் ஒத்திசைவு நிலையில்லாமல் போனது. அப்படி எதுவும் சொல்லாமல் ஒருவரை ஒருவர் பார்க்க மட்டும் விட்டபோது தானாக வந்து சேரும் ஒத்திசைவு மற்றவர்களுக்கு வருவது போலவே வந்தது. தெரியாமல் சேர்வது பழுதில்லை, வேண்டுமென்று சேரப் போகும்போதுதான் சிக்கல்.

அந்த ஊர்க்காரர்களின் இன்னொரு ஆய்வும் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2015-ல் ராஃபார் குழுவினர், எதிரில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே நட்புணர்வைத் தூண்டிவிட்டால் நோயுள்ளவரோடு அவர்களுக்கு ஒத்திசைவும் நெருக்கமும் கூடுவதைக் காட்டினார்கள். அப்படியானால் நோயுள்ளவரை மட்டும் திருத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எதிராளியிடமும் வேலை செய்யலாம்.

இரண்டாம் முடிவு: பயிற்சியின் வரிசை

யோகா மையத்தில் ஏற்கெனவே நடக்கிறது, அதில் இவரும் இருந்தார். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 61 பேரை வைத்துச் செய்து 2007-ல் வந்த ஆய்வில், மருந்தோடு யோகாவும் சேர்த்தவர்களுக்கு வெறும் உடற்பயிற்சி செய்தவர்களைவிட நல்ல முன்னேற்றம் இருந்தது. ஆனால் யோகாவில் ஒவ்வொருவரும் அவரவர் பாயில்தான். மறுபக்கம், அசைவை மையமாக வைத்த குழு உளச்சிகிச்சையைப் பிரிட்டனில் 275 பேரிடம் சோதித்து 2016-ல் வெளியிட்டபோது, ஈடுபாடின்மை, உணர்ச்சி மழுங்கல் போன்ற அறிகுறிகளில் பைலேட்ஸ் உடற்பயிற்சியைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. அதைப் படித்ததால் அறிகுறி குறையும் என்று வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை. ஒரு ஆளோடு ஒரு வேலையைச் சேர்ந்து செய்ய முடிய வேண்டும், அவ்வளவுதான் இலக்கு என்று சொன்னோம்.

கோலாட்டத்திலிருந்து அவரை எடுத்துவிட்டோம். தானாக வருவதிலிருந்து தொடங்கினோம்: டீக்கடை நடை, கண்டக்டரோடு தினமும், எந்தக் கட்டளையும் இல்லாமல். அப்புறம் மையத்துக் கூடத்து ஊஞ்சல் பலகையில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து காலால் உந்துவது, எதிரெதிர் நின்று பாத்திரங்களைக் கைமாற்றி அடுக்குவது. குச்சி கடைசியில், அதுவும் வேறு மாதிரி.

கண்டக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நீங்க அவர் கை போற வேகத்துக்குப் போங்க. அவர் உங்களைப் பிடிக்க வேணாம், நீங்க அவரைப் பிடிங்க." காரணம் இதுதான், வழக்கமான பயிற்சியில் எப்போதும் நாம் செய்து காட்டுவோம், அவர் பின்னால் வருவார், அதாவது அவர் எப்போதும் பிந்தியவராகவே இருப்பார். முன்னால் போகிற இடத்தை யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

முதல் நாள் குச்சி தட்டியது இப்படி. இவர் தன் குச்சிகளைத் தட்டினார். நிறுத்தினார். கண்டக்டர் குச்சியை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி இவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், டிக்கெட் கொடுத்துப் பழகிய கை, அவசரமே இல்லை. இவர் மணிக்கட்டு அசைந்ததும் அவர் குச்சி வந்து சேர்ந்தது. டக். இவர் நிமிர்ந்து கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார், இந்தத் தடவை வேண்டுமென்றே இடைவெளி விட்டு. அதற்கும் குச்சி வந்தது. கொஞ்ச நேரத்தில் வேகத்தை மாற்றி மாற்றிக் கண்டக்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார். "தம்பி, கிழவனை ஓடவுடறே" என்றார் கண்டக்டர். இவர் சிரித்தார். உதட்டில் கொஞ்சம்தான், ஆனால் பிந்தாமல், அந்தப் பேச்சுக்கு நேராக வந்த சிரிப்பு.

சில வாரங்களில் முன்னே போவதை மாற்றிக்கொண்டார்கள், ஒரு சுற்று இவர், ஒரு சுற்று அவர். மதியம் கேரம் போர்டில் இருவரும் ஒரே கட்சி.

புரட்டாசியில் பின்னடைவு

தீபாவளி ஆர்டர் நெருக்கியது. ஓரத்தில் உட்காரும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. கை வீசி நடக்கிறானே, கோலாட்டம் ஆடுகிறானாமே என்று அப்பா அவரைத் தறியில் உட்காரவைத்துவிட்டார். அன்று மதியத்துக்குள் இழை பல தடவை அறுந்தது. அப்பா கத்தினார், தெருவே கேட்டது. இவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். மையத்துக்கு வருவது நின்றது. சாப்பாடு குறைந்தது. அம்மா காலண்டரில் குறித்துவைத்துவிட்டுக் கூப்பிட்டார். மருத்துவர் வீட்டுக்கே வந்து பார்த்தார். குரல் இல்லை, சந்தேகம் இல்லை, மருந்தை மாற்றத் தேவையில்லை என்றார்.

அப்பாவிடம் பேசுவதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று நினைத்தேன். வீட்டில் துவைத்துக் காய்ந்த சேலை ஒன்று கொடியில் கிடந்தது. "ரெண்டு பேரும் இதை மடிங்க" என்றேன். அப்பா ஒரு முனை, மகன் ஒரு முனை. அப்பா உதறினார், மகன் பிடிப்பதற்குள் இழுத்தார், முனை கையைவிட்டு நழுவியது. அடுத்த தடவை அப்பாவை உதற வேண்டாம் என்று சொல்லி, மகன் உதறும் வரை முனையைப் பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கச் சொன்னேன். நிற்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது, தோள் முன்னே போய்ப் போய் வந்தது. மகன் உதறினார். முனைகள் சேர்ந்தன. பிறகு இருவரும் நடந்து வந்து மடிப்பை ஒருவர் கையில் ஒருவர் கொடுத்தார்கள். இன்னொரு சேலையை அம்மாவே பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அப்பா கடைசியில் என்னைப் பார்த்து, "இவனுக்கு நேரம் கொடுக்கணும்னு ஆஸ்பத்திரியில யாருமே சொல்லலையே சார்" என்றார்.

தினமும் சாயங்காலம் வீட்டில் மடிக்க வேண்டிய எதையும் இருவரும் சேர்ந்து மடிப்பது என்று முடிவானது. தறியில் உட்காரவைப்பதில்லை என்பதும் முடிவானது. கண்டக்டர் ஒருநாள் தானாகவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, "வா தம்பி, போலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். ஐப்பசியில் மையத்துக்கு வருவது ஒழுங்கானது.

விளைவு

கோர்வைத் தறிக்கு அவர் திரும்பவில்லை. அந்த வேகம் வரவில்லை, இனி வருமா என்பதில் யாரும் அவரை நெருக்கவும் இல்லை. வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றுகிறார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் ஊடை நூலைச் சுற்றுகிறார், அதற்கு அப்பா கூலி கணக்குப் போட்டுக் கையில் கொடுக்கிறார். மழை முடிந்து தையில் தெருவில் பாவு நீட்டத் தொடங்கியபோது ஒரு முனையில் இவரும் நின்றார். பாவு நீட்டுவது பல பேர் ஒரே இழுப்பில் நிற்கிற வேலை, ஆனால் தறி மாதிரி நொடிக்கு நொடி கை மாறுவது கிடையாது, இழுப்பு கையிலேயே தெரியும், மெதுவாகப் போகும். எதிர்வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நிற்கிறார். இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

மருத்துவரின் மதிப்பீட்டில் அறிகுறிப் புள்ளிகள் பெரிதாக மாறவில்லை. முகத்தில் அசைவு இன்னும் குறைவுதான். தலையாட்டல் பழகியவர்களிடம் நேரத்துக்கு வருகிறது, புதியவர்களிடம் பிந்துகிறது. மருந்து மாற்றம், கண்டக்டர், அப்பா காத்திருக்கப் பழகியது, இவற்றில் எது எவ்வளவு உதவியது என்று இந்த ஒரு ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து மாறாமல் மற்றது நடந்திருக்காது என்பது என் கருத்து.

இப்போது மையத்தில் மாறியிருப்பது

புதிதாக வருகிறவர் எவராக இருந்தாலும் முழங்கை இறுக்கம், நடை, விரல் சோதனை மூன்றையும் சேர்க்கும்போதே பார்த்து எழுதி மருத்துவருக்கு அனுப்புகிறோம். கோலாட்டத்தை வைத்து யாரையும் மதிப்பிடுவதில்லை. கூட நடந்து பார்க்கிறோம், அவருக்குத் தெரியாமல் எட்டு சேர்கிறதா என்று. தன்னார்வலர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிறோம், தலையாட்டல் வரவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, வாக்கியத்தை முடித்துவிட்டு மூச்சு விடும் நேரம் சும்மா இருங்கள், அவர் வருவார்.

வீட்டிலிருந்து ஒருவரை, முடிந்தால் அதிகம் கோபப்படுகிற ஆளையே, முதல் மாதத்திலேயே பயிற்சிக்குள் கொண்டுவருகிறோம். இவர் விஷயத்தில் அப்பா ஆடியிலேயே மையத்துக்கு வந்திருந்தால் புரட்டாசியில் தறியில் உட்காரவைத்திருக்க மாட்டார். ஜோடியாகச் செய்கிறவர்களை முன்னறிவிப்பு இல்லாமல் பிரிப்பதில்லை. கண்டக்டருக்கு முழங்கால் ஆபரேஷன் பேச்சு நடக்கிறது, அதனால் இப்போதே இன்னொருவரையும் சேர்த்து மூன்று பேராக டீக்கடைக்கு நடக்கிறார்கள்.